நூலகம் கொடுத்தீர்கள், நோட்டும் கொடுங்கள்: சிறைத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் உயர் அலுவலர்களுக்கும், மத்தியச் சிறைகளின் கண்காணிப்பாளர்களுக்கும், ஜெயிலர்களுக்கும், ராத்திரி டியூட்டியில் பிளாக்கைச் சுற்றி வரும் காவலர்களுக்கும் வணக்கம்.

நான் வக்கீல் இல்லை. எந்த அமைப்பிலும் உறுப்பினர் இல்லை. சிறைக்குள் எழுதப்பட்டது என்று எது கிடைத்தாலும் வாங்கிப் படிக்கிற ஒரு வாசகன், அவ்வளவுதான். படித்துப் படித்து மனதில் சேர்ந்துபோன ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும், கேட்டால், எழுதுவதற்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். அதை யாருடைய நல்ல மனசுக்கும் விட்டுவிடாமல் விதியாக்குங்கள். எழுதியது தொலையாமல் அவர்கள் கைக்கே திரும்பி வருவதற்கும் வழி செய்யுங்கள்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2023 சென்னை புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அரங்கு போட்டு, சிறை நூலகங்களுக்காகப் பொதுமக்களிடம் புத்தகம் கேட்டு வாங்கினீர்கள். அரசுத் துறை ஒன்று மக்களிடம் கை நீட்டிப் புத்தகம் கேட்கிற காட்சி நம் ஊரில் அடிக்கடி கிடைக்காது. இதைப் போன்ற அரங்குகளுக்கு நாம் தானம் செய்கிற புத்தகங்கள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது வேறு கதை. வீட்டில் இடத்தை அடைக்கிற பழைய போட்டித் தேர்வு கையேடுகளைத் தள்ளிவிட நல்ல சந்தர்ப்பம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது எங்கள் பக்கத்துக் குறை, உங்களுடையது இல்லை.

ஆக, படிப்பதற்கு வழி செய்திருக்கிறீர்கள். எழுதுவதற்குத்தான் இந்த மடல்.

‘கடிதம் எழுதத் தாள் கொடுக்கிறோமே, படிக்கிறவர்களுக்கு நோட்டு கொடுக்கிறோமே’ என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை உள்ளிருந்தபடியே எழுதித் தேறுகிறார்கள். பேனா உள்ளே போவதால் சிறை இடிந்துவிழவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பாடத்துக்கான நோட்டு வேறு, தன் கதையை எழுதுவதற்கான நோட்டு வேறு. இரண்டாவது கிடைக்குமா என்பது பெரும்பாலும் அப்போது இருக்கிற அதிகாரியைப் பொறுத்தது. எந்த நாட்டுச் சிறைக் குறிப்பைப் படித்தாலும் இது தெரியும். நல்லவர் வந்தால் தாள் கிடைக்கும். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்த சோதனையில் எல்லாம் குப்பைக்குப் போகும்.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒரு கதை கென்யாவிலிருந்து வருகிறது. அந்த நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ 2025 மே மாதம் காலமானார். 1977 டிசம்பர் கடைசியில் நள்ளிரவில் வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் செய்த குற்றம், கமிரித்து என்ற கிராமத்து மக்களைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் மொழியிலேயே ஒரு நாடகம் போட்டது. விசாரணை கிடையாது, தண்டனைக் காலமும் கிடையாது. கமிட்டி என்ற உயர் பாதுகாப்புச் சிறையில் பெயரை எடுத்துவிட்டு கே6,77 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். அதுவரை ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் பேர் வாங்கியவர், இனி தன் தாய்மொழியான கிக்கூயுவில்தான் எழுதுவது என்று அங்கேதான் முடிவெடுத்தார். எழுதத் தாள்? கழிப்பறைக் காகிதம்தான். அந்தச் சிறையில் கொடுத்த காகிதம் சொரசொரப்பானது. கைதிகளை வதைப்பதற்கென்றே வாங்கியதைப் போல இருக்குமாம். உடம்புக்கு ஆகாத அந்தச் சொரசொரப்பு பேனாவுக்கு வசதியாகப் போயிற்று என்று பின்னால் எழுதினார். மெல்லிய காகிதமாக இருந்திருந்தால் மை ஊறிக் கிழிந்திருக்கும்.

உங்களில் காவலர்களாக இருப்பவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கிக்கூயு மொழியில் நாவல் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. சொல் தட்டும்போது சக கைதிகளைக் கேட்டார். வார்டர்களையும் கேட்டார். ஊர்ப் பழமொழி, பாட்டு, ஒரு சொல்லின் சரியான பொருள் என்று காவலுக்கு நின்றவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எதற்காகக் கேட்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது.

நாவல் ஏறக்குறைய முடிகிற நேரத்தில் திடீர்ச் சோதனை. கட்டிலில் ஒளித்து வைத்திருந்த கட்டு அகப்பட்டுக்கொண்டது. பல மாத உழைப்பு கண் முன்னால் போயிற்று. இந்த இடத்தில் எந்தக் கதையும் சோகமாக முடியவேண்டும். ஆனால் சில வாரங்கள் கழித்து, புதிதாக வந்திருந்த சிறைக் கண்காணிப்பாளர் அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். இதில் தப்பாக எதுவும் இல்லையே என்றார். நீங்கள் எழுதுகிற கிக்கூயு ரொம்பக் கடினமாக இருக்கிறது என்று ஒரு விமர்சனமும் வைத்தார். அப்புறம், இதைப் போய்க் கழிப்பறைக் காகிதத்தில் எழுதலாமா, என் அலுவலகத்தில் வேண்டாத தாள் நிறைய இருக்கிறது, கொடுக்கச் சொல்கிறேன் என்றார்.

1978 டிசம்பரில் கூகி விடுதலையானார். 1980-இல் நாவல் அச்சாகி வந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் உரக்கப் படித்துக் காட்ட, மதுக்கடைகளிலும் பேருந்துகளிலும் கூட்டம் கூடிக் கேட்டார்கள். தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று வந்திருக்கிறது. தானமாக வந்த பெட்டிகளில் எங்காவது அதுவும் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

அந்தக் கண்காணிப்பாளரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவர் அரசை எதிர்க்கவில்லை, வேலையை விடவில்லை. கைப்பற்றிய தாளைப் படித்துப் பார்த்தார், தப்பில்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார். மேலே கொஞ்சம் தாளும் கொடுத்தார். நான் உங்களிடம் கேட்பது இதற்கு மேல் இல்லை. ஆனால் எல்லாச் சிறைகளுக்கும் அப்படி ஒருவர் வாய்க்கமாட்டார். அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன்.

வாய்க்காத இடத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சோவியத் கதை ஒன்று போதும். இரினா ரதுஷின்ஸ்கயா என்ற கவிஞர். 1983-இல் ஏழாண்டு கட்டாய உழைப்பு முகாம் தண்டனை. குற்றச்சாட்டு, அவர் எழுதிய கவிதைகளே. மொர்தோவியா முகாமில் சோப்புக் கட்டியின் மேல் தீக்குச்சி முனையால் வரிகளைக் கீறுவார். மனப்பாடம் ஆகும்வரை சொல்லிப் பார்ப்பார். பிறகு கையைக் கழுவுவார், கவிதை தண்ணீரோடு போய்விடும். அப்படியே இருநூறுக்கும் மேலான கவிதைகள் அவர் தலைக்குள் சேர்ந்தன. 1986-இல் விடுதலையானபோது அவற்றை யாராலும் பறிக்க முடியவில்லை. தாளைத் தடுத்தால் எழுத்து நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இந்தச் சோப்புக் கட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். 1951-இல் பாகிஸ்தானில் ராவல்பிண்டி சதி வழக்கில் பிடிபட்டுத் தனிச் சிறையில் கிடந்த உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸும் இதைத்தான் சொன்னார். பலகையும் பேனாவும் பறிபோனால் என்ன கவலை, விரலை நெஞ்சின் ரத்தத்தில் தோய்த்துக்கொண்டேன் என்று.

இதையெல்லாம் கேட்டு வியக்கலாம். ஆனால் ரதுஷின்ஸ்கயாவைப் போல எல்லோராலும் முடியாது. அத்தனை கவிதைகளை நெஞ்சில் சுமக்கிற நினைவாற்றல் லட்சத்தில் ஒருவருக்கு. மற்றவர்களுடையது சோப்பு நுரையோடு போய்ச் சேர்ந்திருக்கும், நமக்குத் தெரியாது. வதையைத் தாங்கி எழுதியவர்களின் வீரத்தைப் பாடிக்கொண்டே இருப்பதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு குயர் நோட்டு இருந்திருந்தால் அந்த வீரமே தேவைப்பட்டிருக்காது.

நோட்டு கொடுப்பதில் நிர்வாகச் சிக்கல் என்பீர்கள். அதற்கும் பழைய வழி இருக்கிறது, அதுவும் வெள்ளைக்காரன் காலத்து வழி. 1929 செப்டம்பர் 12 அன்று லாகூர் சிறையில் பகத்சிங்கிடம் ஒரு நோட்டு கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே 404 பக்கம் என்று குறித்துக் கையொப்பம் போட்டிருக்கிறது. எத்தனை தாள் கொடுத்தோம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். ஒரு தாளைக் கிழித்து வெளியே அனுப்பினால் கணக்கு உதைக்கும். தூக்குக்குக் காத்திருந்த அந்த இளைஞர் அதில் தான் படித்த புத்தகங்களிலிருந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்தார். அதே 1929-இல் இத்தாலியில், முசோலினியின் சிறையில் இருந்த மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷிக்கு எழுத அனுமதி கிடைத்தது. இந்த மூளையை இருபது வருடம் வேலை செய்யவிடக்கூடாது என்று அரசு வக்கீல் முழங்கியதாகச் சொல்வார்கள். அந்த அரசின் சிறையிலேயே, பக்கங்களில் சிறை முத்திரை குத்திய நோட்டுகள் அவருக்குக் கிடைத்தன. மொத்தம் 33 நோட்டுகள். பகத்சிங்கைத் தூக்கிலிட்ட ஆட்சியும் பாசிச ஆட்சியும் கொடுத்ததைச் சுதந்திர இந்தியாவின் மாநில அரசு கொடுக்க யோசிக்க வேண்டியதில்லை. எண் போடுங்கள், முத்திரை குத்துங்கள், கையெழுத்து வாங்குங்கள். ஆட்சேபணையே இல்லை.

நம் சிறைகளுக்கே வருகிறேன். கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் செக்கைக் காட்டுகிற அளவுக்கு அவர் பேனாவை நாம் காட்டுவதில்லை. சிறைக்குள் இருந்தபடியே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறைக்கு மாற்றிய பிறகு ‘மெய்யறிவு’, ‘மெய்யறம்’ இரண்டையும் எழுதினார். பகலெல்லாம் உடம்பை நசுக்கிய அரசால், அந்த மனிதர் எழுதுவதை முழுக்க நிறுத்த முடியவில்லை. பின்னால், ஆயுள் கைதியாக இருந்த தியாகு மார்க்ஸின் ‘மூலதன’த்தையே சிறைக்குள் உட்கார்ந்து தமிழில் மொழிபெயர்த்தார். நாம் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு இருபது பக்கம் தாண்டாத புத்தகம் அது, ஒத்துக்கொள்வோம்.

நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் நடந்ததும் இருக்கிறது. மிசாவில் அடைக்கப்பட்டு அடிபட்டவர்களில் ஒருவர் சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு. 1977 ஜனவரியில் இறந்துபோனார். அவர் எழுதிவைத்த சிறைக் குறிப்புகள் பிறகு நூலாக வந்தன. அங்கே நடந்த அத்துமீறல்களை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை, இடித்துவிட்டார்கள். உள்ளே கிடந்த ஒருவர் கைப்பட எழுதியது மட்டும் இருக்கிறது.

இதெல்லாம் தலைவர்கள், படித்தவர்கள், அரசியல் கைதிகள் கதை, எங்களிடம் இருப்பது செயின் பறித்தவனும் கஞ்சா விற்றவனும்தான் என்று ஒரு ஜெயிலர் மனதுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. சரி, கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரை எடுத்துக்கொள்வோம். பிழைப்புத் தேடிப் போய், 1983-இல் ஆந்திராவின் குண்டூரில், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் காவல் நிலையத்தில் நாள் கணக்கில் அடி வாங்கியவர். அதை ‘லாக்கப்’ என்று எழுதினார். அதிலிருந்துதான் 2015-இல் ‘விசாரணை’ திரைப்படம் வந்தது. குண்டூரில் அடித்தவர்கள் கண்ணுக்கு அவரும் ஊர் பேர் தெரியாத ஒரு சந்தேகக் கேஸ்தான். எழுதுகிறவன் நெற்றியில் எழுதி ஒட்டியா இருக்கும்?

அதோடு, உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்று இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு. வாய்தாவுக்குப் போய்விட்டு வருவதைத் தவிர அவர்களுக்கு வேலையும் இல்லை. தண்டனைக் கைதிக்காவது தறி உண்டு, பேக்கரி உண்டு, கூலி உண்டு.

எல்லோரும் நாவல் எழுதமாட்டார்கள், தெரியும். பாதிப் பேர் சினிமாப் பாட்டு எழுதுவார்கள். சிலர் பெண்டாட்டிக்கு அனுப்பாத கடிதமாக எழுதிக் குவிப்பார்கள். சிலர் ஜாமீன் மனுவையே ஐம்பது விதமாக எழுதிப் பார்ப்பார்கள். எழுதட்டுமே. நல்ல இலக்கியம் வரும் என்று ஆசை காட்டி நான் நோட்டு கேட்கவில்லை. மோசமாக எழுதுகிறவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஒரு கேள்வியை மட்டும் நான் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கொலை செய்தவன் எழுதினால்? அவன் தன்னைக் கதாநாயகனாக்கிக்கொண்டால், இறந்தவர் வீட்டுக்காரர்கள் அதைப் படிக்க நேர்ந்தால்? தமிழ்நாட்டில் இது நடந்தே இருக்கிறது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் செங்கல்பட்டுச் சிறையில் தன் வாழ்க்கையை எழுதினான். சில அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்பையும் அதில் சொல்லியிருந்தான். அதை ‘நக்கீரன்’ வெளியிட இருந்தபோது சிறைத்துறையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வெளிவரும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அவதூறு இருந்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம். பறிகொடுத்த குடும்பங்களின் வலியை இந்தத் தீர்ப்பு ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வலிக்கு மருந்து எல்லோருடைய நோட்டையும் பிடுங்குவதில் இல்லை.

இன்னும் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பம்பாய்ச் சிறையில் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டிருந்த பிரபாகர் பாண்டுரங்க சன்ஸ்கிரி, மராத்தியில் அணுவைப் பற்றி ஓர் அறிவியல் நூல் எழுதினார். அச்சிடுவதற்காக மனைவிக்கு அனுப்பக் கேட்டார். மகாராஷ்டிர அரசு மறுத்தது. அணுவின் உள்ளே என்ன இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்கிற புத்தகத்தால் நாட்டுக்கு என்ன கேடு வரும் என்று தெரியவில்லை. வழக்கில் தோற்றும் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு போனது அரசு. 1965 செப்டம்பரில் அங்கேயும் தோற்றது. புத்தகம் எழுதி வெளியே அனுப்பக்கூடாது என்று தடுப்புக்காவல் விதிகளில் எங்கும் இல்லையே என்றது நீதிமன்றம். 2022-இலும் நவி மும்பை பக்கம் ஒரு சிறையில், வுட்ஹவுஸ் எழுதிய நகைச்சுவைப் புத்தகத்தைப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று திருப்பி அனுப்பினார்கள். உயர் நீதிமன்ற நீதிபதிகளே இது வேடிக்கை என்றார்கள். நீங்கள் அந்த வரிசையில் சேரவேண்டாம்.

எழுதவிட்டால் உள்ளே நடப்பது வெளியே வந்துவிடுமே என்ற அச்சம் இருக்கும். வரத்தான் செய்யும். சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் எழுதியதில் தொடங்கியதுதான், 2024 அக்டோபர் 3 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பல மாநிலங்களின் சிறை விதிகளில் இருந்த சாதிப் பிரிவுகளை அது ரத்து செய்தது. பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. கழிவறை கழுவச் சொல்லி யாரை மட்டும் கூப்பிட்டார்கள் என்பது கழுவினவனுக்குத்தான் முதலில் தெரியும். அவன் கையில் நோட்டு இருந்திருந்தால் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்குமா என்று தெரியாது. இருந்தாலும், துறையின் மேலிடத்தில் இருக்கும் உங்களுக்கே அது உதவும். கீழே நடப்பது எல்லாம் உங்கள் மேசைக்கு வந்துவிடுவதில்லையே.

ஆகவே விதி எழுதும்போது இந்த மூன்று நான்கு விஷயங்களை மறக்காமல் சேருங்கள். சோதனையில் நோட்டை எடுத்தால், எடுத்ததற்குச் சீட்டு கொடுக்கவேண்டும். படித்துப் பார்த்துக் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், தரமுடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். வேறு சிறைக்கு மாற்றும்போது நோட்டும் கூடவே போகவேண்டும். எழுதியது வழக்குக்கு எதிராகத் திரும்புமோ என்ற பயம் விசாரணைக் கைதிக்கு இருக்கும். அதற்குச் சட்ட உதவி வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வழி வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதித் தருவதற்குச் சக கைதிகளில் ஒருவரை, கூலியுள்ள வேலையாகவே, நியமிக்கலாம். உள்ளே மனு எழுதித் தருகிற ஆட்கள் எப்படியும் இருப்பார்கள், ஒரு பீடிக்கட்டுக்கு ஒரு மனு என்று. அதை முறைப்படுத்தினால் போதும்.

எங்கே தொடங்குவது என்றால், பெண்கள் தனிச்சிறைகளில் தொடங்குங்கள் என்பேன். எண்ணிக்கை குறைவு, செலவும் குறைவு. அதைவிட, மேலே நான் அடுக்கிய பெயர்களைத் திரும்பிப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் கூட இல்லை. சிறைக்குப் போன பெண்கள் இல்லாமலா போனார்கள்?

நோட்டுச் செலவுக்குத் துறையில் ஒதுக்கீடு இல்லை என்றால் சொல்லுங்கள். அடுத்த புத்தகக் காட்சியில் புத்தகப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வையுங்கள், வாசகர்கள் நிரப்பித் தருகிறோம். ஸ்டேப்பிள் பின் கூடாதா, நூல் தைத்த நோட்டாக வாங்குகிறோம். கெட்டி அட்டைக்குள் எதையாவது மறைப்பார்கள் என்றால் மெல்லிய அட்டை. கோடு போட்டதா போடாததா, எத்தனை பக்கம், எந்த மாதிரிப் பேனா உள்ளே அனுமதி என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்